மின்சாரம், காந்தம், அலகுகள்: அடிப்படையைக் கையால் அளந்து கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

மின்சாரத்தைக் கற்க உட்காருகிற பலரும் ஓம் விதியில்தான் தொடங்குகிறார்கள். சூத்திரம் மனப்பாடமாகிவிடும், கணக்கும் போட வந்துவிடும். ஆனால் "ஒரு வோல்ட் என்றால் என்ன?" என்று கேட்டால் தடுமாறுவார்கள். "மின்னழுத்தத்தின் அலகு" என்று பதில் வரும். அது பதிலே இல்லை.

நான் சொல்லும் வழி வேறு. அலகில் தொடங்குங்கள். எதை எதால் வகுத்து இந்த அலகு வந்தது என்று ஒவ்வொன்றையும் பிரித்துப் பாருங்கள். பிறகு அதே அலகில் உங்கள் கையாலேயே எதையாவது அளந்து பாருங்கள். இப்படிப் போனால் பாதிச் சூத்திரங்களை மனப்பாடம் செய்யத் தேவையே இருக்காது. அலகைப் பார்த்தாலே சூத்திரம் தெரிந்துவிடும்.

பள்ளியில் விட்டதை மறுபடி பிடிக்க நினைப்பவர்கள், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பெற்றோர், எலக்ட்ரீஷியன் வேலை பழகுகிறவர்கள் என எல்லோருக்கும் இது ஒத்துவரும். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

தொடங்கும் முன்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதே போதும். கூடவே 1.5 வோல்ட் பென்சில் செல் நான்கு, அதற்கான ஹோல்டர், 100 ஓம் மின்தடை ஒன்று, 10,000 ஓம் மின்தடை ஒன்று, 5 வாட் தாங்கும் 1 ஓம் மின்தடை ஒன்று, 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று, டார்ச் பல்பு, சின்னத் திசைகாட்டி, நாணய வடிவ நியோடிமியம் காந்தம் ஒன்றிரண்டு. எல்லாம் எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையில் கிடைக்கும். எனாமல் பூசிய மெல்லிய செப்புக் கம்பிக்கு மட்டும் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடைக்குப் போங்கள், எடை போட்டுத் தருவார்கள். அந்தக் கம்பியின் இரண்டு முனையையும் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து எனாமலை எடுத்தால்தான் மின்சாரம் போகும். "சோதனை வேலை செய்யவில்லை" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இந்த முனைகளைத்தான்.

இங்கே கம்பி இணைத்துச் செய்யும் எல்லாச் சோதனையும் செல்லில்தான். வீட்டு பிளக் பாயிண்டில் மல்டிமீட்டர் முனையை நுழைத்துப் பார்க்க வேண்டாம். காந்தங்களைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். இரண்டை விழுங்கிவிட்டால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு அறுவை சிகிச்சை வரை கொண்டுபோய்விடும்.

படி 1: நியூட்டன், ஜூல், வாட்

மின்சாரத்துக்கு முன்னால் ஆற்றல் வேண்டும். சுமார் 100 கிராம் எடையுள்ள ஒரு பொருளைக் கையில் பிடித்திருக்கும்போது கை உணரும் விசை ஏறக்குறைய 1 நியூட்டன். அதை 1 மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் செலவாகும் ஆற்றல் 1 ஜூல். அதை ஒரே விநாடியில் தூக்கினால் உங்கள் திறன் 1 வாட். ஆக ஜூல் என்பது நியூட்டன் பெருக்கல் மீட்டர், வாட் என்பது ஜூல் வகுத்தல் விநாடி.

இதை உடம்பால் அளந்து பாருங்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 3 மீட்டர் உயர மாடியை 10 விநாடியில் ஏறினால் 60 × 9.8 × 3 = 1764 ஜூல் (ஒரு கிலோவுக்கு விசை 9.8 நியூட்டன்). பத்தால் வகுத்தால் 176 வாட். மூச்சிரைக்கும்.

இப்போது மின்வாரியக் கணக்கில் வரும் ஒரு யூனிட்டைப் பார்ப்போம். அது ஒரு கிலோவாட்-மணி, அதாவது 1000 வாட் வீதம் 3600 விநாடி, மொத்தம் 36 லட்சம் ஜூல். அதே 60 கிலோ மனிதர் 2040 மாடி ஏறினால்தான் ஒரு யூனிட் அளவு வேலை முடியும். வெறும் சில ரூபாய்க்கு வருகிற ஒரு யூனிட்டுக்குள் இவ்வளவு இருக்கிறது. இந்த எண்ணை மனதில் ஏற்றிக்கொண்டபின் காலி அறையில் ஓடும் ஃபேனைப் பார்த்தால் கை தானாக சுவிட்சுக்குப் போகும்.

படி 2: வீட்டு மீட்டரின் சிவப்பு விளக்கு

டிஜிட்டல் மின்மீட்டரின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். பக்கத்திலேயே ஒரு கிலோவாட்-மணிக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். பல வீட்டு மீட்டர்களில் அது 3200. உங்களுடையதில் வேறு எண் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். 36 லட்சத்தை 3200-ஆல் வகுத்தால் 1125. ஆக அந்த விளக்கு ஒரு தடவை மின்னினால் வீட்டுக்குள் 1125 ஜூல் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் உட்பட எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரே ஒரு ஃபேனை மட்டும் ஓட விடுங்கள். விளக்கு மின்னும் ஒரு கணத்தில் கைப்பேசியின் ஸ்டாப்வாட்சைத் தட்டி, அடுத்த பத்தாவது மின்னலில் நிறுத்துங்கள். 150 விநாடி வந்தால், 11,250 ஜூலை 150-ஆல் வகுத்து 75 வாட். பழைய வகை சீலிங் ஃபேன் முழு வேகத்தில் எடுப்பது இந்த அளவுதான். குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை பிஎல்டிசி ஃபேனாக இருந்தால் அதே பத்து மின்னலுக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் அது எடுப்பது 30 வாட் அளவுதான். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால், தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கெடுப்புக்குள் முதலாவது 45 யூனிட் எடுத்திருக்கும், இரண்டாவது 18 யூனிட். மாதாமாதம் கணக்கெடுக்கும் இலங்கையில் இதில் பாதி.

அப்புறம் டிவியை ரிமோட்டில் மட்டும் அணைத்துவிட்டுப் பாருங்கள். ரெகுலேட்டரை ஒவ்வொரு வேகத்திலும் வைத்துப் பாருங்கள். கெட்டிலில் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வையுங்கள். தண்ணீரின் வெப்பத்தை ஒரு கிலோவுக்கு ஒரு பாகை ஏற்ற சுமார் 4200 ஜூல் வேண்டும். 30 பாகையிலிருந்து 100 பாகைக்குப் போக 2,94,000 ஜூல். 1500 வாட் கெட்டில் என்றால் கணக்குப்படி 196 விநாடி ஆகும். உங்கள் கடிகாரம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். அந்தக் கூடுதல் பாத்திரத்தைச் சூடாக்கவும் காற்றில் கலக்கவும் போன வெப்பம். மீட்டரையும் கடிகாரத்தையும் தண்ணீரையும் ஒரே அலகு கட்டிப்போடுகிறது என்பதை இதைவிட நேராகக் காட்டும் சோதனை எனக்குத் தெரியவில்லை. இந்தப் படியை அவசரப்படாமல் செய்யுங்கள். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

படி 3: கூலூம், ஆம்பியர்

மின்னூட்டத்தின் அலகு கூலூம். ஒரு கூலூம் என்பது சுமார் 6.24 × 10¹⁸ எலக்ட்ரான்களின் மொத்த மின்னூட்டம். கம்பியின் ஒரு குறுக்குவெட்டை ஒரு விநாடியில் ஒரு கூலூம் கடந்தால் அது 1 ஆம்பியர். நாம் கரண்ட் என்று சொல்லும் மின்னோட்டம் இதுதான்: கூலூம் வகுத்தல் விநாடி.

2019 மே 20 முதல் உலகம் முழுக்க ஆம்பியரின் வரையறையே இந்த எலக்ட்ரான் எண்ணிக்கையில்தான் நிற்கிறது. ஒரு எலக்ட்ரானின் மின்னூட்ட அளவு 1.602176634 × 10⁻¹⁹ கூலூம் என்று மாறாத எண்ணாக நிர்ணயித்துவிட்டார்கள். அதற்கு முன்பு, 1948 முதல், ஆம்பியரின் வரையறை இரண்டு கம்பிகளுக்கு இடையே உள்ள காந்த விசையில் இருந்தது. காந்தம் பற்றிய படியில் அந்தப் பழைய வரையறை நமக்கு வேலைக்கு ஆகும்.

இங்கே இரண்டு தவறான எண்ணங்களைக் களைய வேண்டும். சுவிட்ச் போட்டதும் எலக்ட்ரான்கள் சீறிப் பாய்ந்து பல்புக்குப் போவதாகப் பலர் நினைக்கிறார்கள். 1 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 1 ஆம்பியர் போகும்போது எலக்ட்ரான்களின் சராசரி நகர்வு விநாடிக்கு 0.07 மில்லிமீட்டர். ஒரு மணி நேரத்தில் ஒரு சாண் தூரத்தைக் கொஞ்சம் தாண்டும். வீட்டு மின்சாரமோ விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் மாறுவது. அதில் எலக்ட்ரான்கள் இருந்த இடத்திலேயே மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நகராமல் ஆடிக்கொண்டிருக்கின்றன. பல்பு உடனே எரியக் காரணம், கம்பியை ஒட்டி மின்புலம் ஒளியின் வேகத்துக்கு நெருக்கமாகப் பரவி எல்லா எலக்ட்ரான்களையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தள்ளுவதுதான்.

இரண்டாவது, பல்பு கரண்டைத் தின்றுவிடுகிறது என்ற எண்ணம். ஒரு முனையில் நுழைந்த அத்தனை கூலூமும் மறுமுனையில் வெளியே வந்தாக வேண்டும். பல்புக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை மல்டிமீட்டரைத் தொடராக இணைத்துப் பாருங்கள். ஒரே எண் வரும். வீட்டில் இருக்கும் ஆர்சிசிபி என்ற மின்கசிவுத் துண்டிப்பான் இந்த உண்மையை வைத்துத்தான் உயிரைக் காப்பாற்றுகிறது. ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லியாம்பியர் வித்தியாசம் வந்தால், அது யாருடைய உடம்பு வழியாகவோ தரைக்குப் போகலாம் என்று கணக்கில் கொண்டு கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும்.

படி 4: வோல்ட்

எல்லோரும் தடுமாறும் இடம் இது. பிரித்துப் பார்த்தால் எளிது: வோல்ட் என்பது ஜூல் வகுத்தல் கூலூம். 1.5 வோல்ட் செல் என்றால், தன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வெளிச்சுற்று வழியாகப் போகும் ஒவ்வொரு கூலூமுக்கும் அது 1.5 ஜூல் கொடுக்கிறது. அவ்வளவுதான். 1800-ல் வோல்டா துத்தநாகத் தகட்டையும் வெள்ளி அல்லது செப்புத் தகட்டையும் உப்புநீரில் நனைத்த அட்டையோடு மாற்றி மாற்றி அடுக்கியபோது செய்ததும் இதுதான். ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொரு கூலூமுக்கும் கொடுக்கும் ஜூலைக் கூட்டிக்கொண்டே போயிற்று.

தொட்டி, குழாய், தண்ணீர் அழுத்தம் என்று உவமை சொல்வது வழக்கம். நான் அதைப் பயன்படுத்துவதில்லை. குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும், கம்பியை வெட்டினால் மின்னோட்டம் நின்றுவிடும். அங்கேயே உவமை உடைந்து, கற்பவரைக் குழப்புகிறது. ஜூல் வகுத்தல் கூலூம் என்பது எங்கும் உடையாது.

இதிலிருந்து இன்னொன்றும் தெரியும். வோல்ட் எப்போதும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு. அதனால்தான் மல்டிமீட்டருக்கு இரண்டு முனை. அதனால்தான் உயர் அழுத்தக் கம்பியில் உட்காரும் காக்கைக்கு ஒன்றும் ஆவதில்லை, அதன் இரண்டு காலுக்கும் இடையே வேறுபாடு மிகமிகச் சிறியது.

இப்போது வோல்ட்டை ஆம்பியரோடு பெருக்குங்கள். ஜூல் வகுத்தல் கூலூம், பெருக்கல், கூலூம் வகுத்தல் விநாடி. கூலூம் அடிபட்டுப்போய் ஜூல் வகுத்தல் விநாடி மிஞ்சும். அதுதான் வாட். "திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்" என்ற சூத்திரத்தை இனி மறக்க முடியாது, ஏனென்றால் நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

உடனே வீட்டில் பயன்படுத்திப் பாருங்கள். சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியர் தாங்கும். 6 × 230 = 1380 வாட். 2000 வாட் கீசர் எடுப்பதோ 8.7 ஆம்பியர். அதைச் சின்ன பாயிண்டில் அடாப்டர் போட்டு மாட்டினால் பிளக் உருகிக் கருகுவது ஏன் என்று இந்த ஒரு பெருக்கலில் தெரிந்துவிடும். அதற்குப் பெரிய 16 ஆம்பியர் பாயிண்டும் அதற்கேற்ற தடிமனான ஒயரும் வேண்டும்.

கைப்பேசி பேட்டரியில் 5000 மில்லியாம்பியர்-மணி என்று போட்டிருக்கும். 5 ஆம்பியர் பெருக்கல் 3600 விநாடி, 18,000 கூலூம். பேட்டரி சுமார் 3.8 வோல்ட். பெருக்கினால் 68,400 ஜூல், அதாவது 19 வாட்-மணி. சார்ஜரில் வெப்பமாகப் போவதையும் சேர்த்தால்கூட ஒரு யூனிட்டில் ஏறக்குறைய 40 தடவை முழுசாக சார்ஜ் ஏற்றலாம். போன் சார்ஜால் பில் எகிறுகிறது என்று வீட்டில் யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

படி 5: ஓம்

ஓம் என்பது வோல்ட் வகுத்தல் ஆம்பியர். 1 ஆம்பியரை ஓட்ட எத்தனை வோல்ட் வேண்டும் என்ற கேள்விக்கான விடை அது. ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஓம் 1827-ல் இந்தத் தொடர்பை வெளியிட்டார். அவருக்கு முதலில் தொல்லை கொடுத்தது வோல்டாவின் அடுக்குதான். மின்சாரம் எடுக்க எடுக்க அதன் வோல்ட் இறங்கிக்கொண்டே போனது. அதனால் இரண்டு உலோகங்களின் இணைப்புகளை வெவ்வேறு வெப்பநிலையில் வைத்து, நிலையான மின்னழுத்தம் தரும் ஏற்பாட்டுக்கு மாறினார். நீங்கள் பழைய செல்லை வைத்து அளந்தாலும் இதே தொல்லை வரும், புதுச் செல் வாங்குங்கள்.

அளக்கும்போது ஒரு கட்டுப்பாடு வேண்டும். வோல்ட்டைப் பொருளின் இரண்டு பக்கமும் முனைகளை வைத்துப் பக்க இணைப்பில் அளக்க வேண்டும். ஆம்பியரைச் சுற்றை வெட்டி நடுவில் மீட்டரைச் செருகித் தொடராக அளக்க வேண்டும். ஓம் அளக்கும்போது பொருளைச் சுற்றிலிருந்து கழற்றிவிட வேண்டும். ஆம்பியர் நிலையில் இருக்கும் மீட்டரைச் செல்லின் இரண்டு முனையிலும் நேராக வைத்துவிடாதீர்கள். அந்த நிலையில் மீட்டரின் மின்தடை ஏறக்குறைய சுழி, ஷார்ட் செய்ததுபோல் ஆகிவிடும், உள்ளே ஃபியூஸ் போய்விடும்.

100 ஓம் மின்தடையை ஒரு செல், இரண்டு செல், மூன்று செல்லோடு இணைத்து அளந்தால் ஏறக்குறைய 15, 30, 45 மில்லியாம்பியர் வரும். வரைபடத்தாளில் குறித்தால் நேர்கோடு. சரி, இப்போது மின்தடையை எடுத்துவிட்டு டார்ச் பல்பைப் போட்டு அதே மூன்று அளவையும் எடுங்கள். கோடு வளையும். இதை விதி தப்பிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இழை சூடாகச் சூடாக அதன் மின்தடை ஏறுகிறது, அவ்வளவுதான்.

பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்று பரணில் கிடந்தால் எடுங்கள். ஹோல்டரில் மாட்டாமல், சும்மா கையில் வைத்து ஓம் அளந்தால் 60, 70 ஓம் என்று காட்டும். அப்படியே இருந்தால் 230 வோல்ட்டில் அது 3 ஆம்பியருக்கு மேல் இழுத்து 800 வாட் அளவு எரிய வேண்டும். எரியும் நிலையில் அதன் மின்தடை உண்மையில் 880 ஓம். சுவிட்ச் போட்ட முதல் சில மில்லிவிநாடியில் மட்டும் அந்தப் பெரிய மின்னோட்டம் பாய்கிறது. குண்டு பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும் கணத்தில் ஃபியூஸ் ஆனது இதனால்தான்.

ஓம் தெரிந்தபின் பாதுகாப்பைக் கணக்காகவே பார்க்கலாம். ஈரக் கையோடு இருக்கும் உடம்பின் மின்தடை 2000 ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். 230-ஐ 2000-ஆல் வகுத்தால் 0.115 ஆம்பியர், 115 மில்லியாம்பியர். 10 மில்லியாம்பியர் அளவிலேயே தசை இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போகும். 115 இதயத்தைத் தாறுமாறாக்க வல்லது. இப்போது 16 ஆம்பியர் எம்சிபியை, அதாவது மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழும் சுவிட்சை, நினைத்துப் பாருங்கள். அதற்கு 0.115 ஆம்பியர் கண்ணிலேயே படாது. எம்சிபி ஒயரைக் காப்பாற்றுகிறது, மனிதரைக் காப்பாற்றுவது 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி. "எங்கள் வீட்டில்தான் எம்சிபி இருக்கிறதே" என்று சொல்லும் எல்லோருக்கும் இந்த வகுத்தலைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆர்சிசிபி இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்தி அது விழுகிறதா என்று பாருங்கள்.

தொடர் இணைப்பு, பக்க இணைப்பு பற்றி நீட்ட வேண்டியதில்லை. திருவிழா சீரியல் செட்டில் 6 வோல்ட் பல்புகள் 38-ஐ வரிசையாகக் கோர்த்தால் 230 வோல்ட் ஆகும், ஒன்று போனால் வரிசையே அணையும். வீட்டு இணைப்பு பக்க இணைப்பு, ஒவ்வொன்றுக்கும் முழு 230 வோல்ட் கிடைக்கும், ஆம்பியர்கள் மட்டும் கூடிக்கொண்டே போகும்.

படி 6: திசைகாட்டியும் டெஸ்லாவும்

1820-ல் கோபன்ஹேகனில் ஓர்ஸ்டெட், மின்சாரம் பாயும் கம்பிக்கு அருகே திசைகாட்டியின் ஊசி திரும்புவதைக் காட்டினார். அதே ஆண்டு செப்டம்பரில் பாரிசில் ஆம்பியர் என்ற அறிஞர், மின்சாரம் பாயும் இரண்டு இணைக் கம்பிகள் ஒன்றையொன்று இழுக்கவும் தள்ளவும் செய்கின்றன என்று காட்டிவிட்டார். அதுவரை தனித்தனியாகப் படித்துவந்த மின்சாரமும் காந்தமும் ஒரே பாடமாயின.

நீங்களும் செய்யுங்கள். திசைகாட்டியை மேசையில் வைத்து, ஊசிக்கு மேலே 2 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு நேரான கம்பியை வடக்கு தெற்காக நிறுத்துங்கள். செல்லோடு அந்த 1 ஓம் மின்தடையைத் தொடராக வைத்துக் கம்பியில் இணையுங்கள். ஏறக்குறைய 1 ஆம்பியர் ஓடும். மூன்று நான்கு விநாடிக்கு மேல் தொட்டுக்கொண்டிருக்க வேண்டாம், மின்தடை சூடாகும், செல்லும் தீரும். ஊசி சாயும் கோணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். செல்லைத் திருப்பிப் போட்டால் மறுபக்கம் சாயும். கம்பியை ஊசிக்குக் கீழே வைத்தாலும் மறுபக்கம் சாயும். காந்தப்புலம் கம்பியைச் சுற்றி வட்டமாக ஓடுகிறது என்பதை ஊசி இப்படிக் காட்டிக்கொடுக்கிறது.

அந்தக் கோணத்தை முன்கூட்டியே கணக்கிடலாம். 1948-ன் வரையறை சொன்னது: 1 மீட்டர் இடைவெளியில் உள்ள, முடிவில்லா நீளமுள்ள இரண்டு மெல்லிய இணைக் கம்பிகளில் 1 ஆம்பியர் ஓடினால், ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் 2 × 10⁻⁷ நியூட்டன் விசை. காந்தப்புலத்தின் அலகான டெஸ்லாவோ நியூட்டன் வகுத்தல் ஆம்பியர்-மீட்டர். ஆகவே 1 ஆம்பியர் கம்பியிலிருந்து 1 மீட்டர் தள்ளி புலம் 2 × 10⁻⁷ டெஸ்லா. தூரம் குறையக் குறைய அதே விகிதத்தில் புலம் கூடும். 2 சென்டிமீட்டரில் 50 மடங்கு, அதாவது 10 மைக்ரோடெஸ்லா. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பூமியின் கிடைமட்டக் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. வடக்கே 40, குறுக்கே 10 என்று தாளில் வரைந்து கோணத்தை அளந்தால், ஊசி 14 பாகை சாய வேண்டும் என்று தெரியும். உங்கள் ஊசி 12-க்கும் 17-க்கும் இடையே எங்காவது நின்றால் நல்ல அளவீடு என்று கொள்ளுங்கள்.

கைப்பேசியிலும் காந்தமானி இருக்கிறது. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி அதன் அளவை மைக்ரோடெஸ்லாவில் காட்டும். காந்தம் வைத்த கவரைக் கழற்றிவிட்டு, போனைக் காற்றில் எட்டுப் போட்டு ஆட்டிச் சரிசெய்துவிட்டு, இரும்பு எதுவும் இல்லாத இடத்தில் வைத்துப் பாருங்கள்.

இதில் நம் ஊருக்கு ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. பூமியின் காந்தக் கோடுகள் லண்டனில் தரையோடு சுமார் 66 பாகை சாய்ந்து கீழ்நோக்கி இறங்குகின்றன. தெற்கே வர வரச் சாய்வு குறைந்து, இந்தியாவின் தென்கோடியில் ஏறக்குறையப் படுத்துவிடுகின்றன. காந்த நடுக்கோடு இந்தப் பக்கமாகப் போவதுதான் காரணம். 1963 நவம்பர் 21 அன்று இந்தியா தன் முதல் ஆய்வு ராக்கெட்டைத் தும்பாவிலிருந்து ஏவியதற்கும், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஓர் ஆய்வகம் வைத்திருப்பதற்கும் பின்னால் இருப்பது இந்தக் கோடுதான். போனைத் தரையில் படுக்க வைத்துச் செங்குத்துத் திசையின் அளவைப் பாருங்கள். நாகர்கோவிலில் அது சுழிக்கு அருகே இருக்கும், டெல்லியில் இருக்கும் உறவினர் அளந்தால் பெரிய எண் வரும்.

விசையைக் கண்ணால் பார்க்க ஒரு சோதனை. அலுமினியம் ஃபாயிலில் ஒரு சென்டிமீட்டர் அகல நாடா வெட்டி, நியோடிமியம் காந்தத்துக்கு மேலே தளர்வாகத் தொங்கவிட்டு, அதே செல்லையும் 1 ஓம் மின்தடையையும் இணையுங்கள். காந்தத்தின் பக்கத்தில் 0.3 டெஸ்லா, நாடாவில் 1 ஆம்பியர், புலத்துக்குள் 2 சென்டிமீட்டர் நீளம். பெருக்கினால் 0.006 நியூட்டன், அரை கிராமைக் கொஞ்சம் தாண்டிய எடை. நாடாவின் எடை அதில் ஒரு சின்னப் பங்குதான், அதனால் துள்ளிவிடும். ஃபேன் முதல் மின்சார ரயில் வரை எல்லா மோட்டாரும் இந்தத் துள்ளலைச் சுழற்சியாக மாற்றியவை.

படி 7: வெபர், தூண்டல்

1831 ஆகஸ்ட் 29 அன்று ஃபாரடே இரும்பு வளையத்தில் இரண்டு காயில்களைச் சுற்றி, ஒன்றில் மின்சாரத்தைப் போடும்போதும் நிறுத்தும்போதும் மட்டும் மற்றதில் ஒரு துடிப்பு வருவதைக் கண்டார். மின்னோட்டம் மாறாமல் ஓடும்போது ஒன்றும் இல்லை. மாற்றம்தான் மின்சாரத்தைத் தருகிறது. இதற்குப் பெயர்தான் தூண்டல்.

விரல் நுழையும் அளவு அட்டைக் குழாயில் 200 சுற்றுச் செப்புக் கம்பி சுற்றி, மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் நிலையில் இணைத்து, காந்தத்தை வேகமாக உள்ளே தள்ளுங்கள். டிஜிட்டல் மீட்டர் விநாடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணைப் புதுப்பிக்கும், அதனால் துடிப்பின் உச்சம் தப்பிப்போகலாம். பழைய ஊசி மீட்டர் கிடைத்தால் இந்தச் சோதனைக்கு அதுவே நல்லது: உள்ளே போகும்போது ஒரு பக்கம், வெளியே வரும்போது மறுபக்கம், சும்மா வைத்திருந்தால் சுழி.

ஒரு பரப்பின் வழியாகப் போகும் காந்தப்புலத்தின் மொத்த அளவைக் காந்தப்பாயம் என்பார்கள், அதன் அலகு வெபர். அது டெஸ்லா பெருக்கல் சதுர மீட்டர். ஒரு சுற்றுக்குள் பாயம் விநாடிக்கு ஒரு வெபர் மாறினால் 1 வோல்ட் கிடைக்கும். இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். டெஸ்லாவை நியூட்டனிலிருந்து கட்டினோம், வோல்ட்டை ஜூலிலிருந்து கட்டினோம். இரண்டும் எப்படிப் பொருந்துகின்றன? தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள். டெஸ்லா பெருக்கல் சதுர மீட்டர் என்றால் நியூட்டன்-மீட்டர் வகுத்தல் ஆம்பியர். நியூட்டன்-மீட்டர் ஜூல்தான். ஜூல் வகுத்தல் ஆம்பியரை விநாடியால் வகுத்தால், ஆம்பியர்-விநாடி கூலூம் ஆகிவிடும், மிஞ்சுவது ஜூல் வகுத்தல் கூலூம். வோல்ட்! மோட்டாரில் தள்ளும் விசையும் ஜெனரேட்டரில் பிறக்கும் வோல்ட்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம் என்பதை இந்த நான்கு வரி காட்டிவிடுகிறது. எனக்கு மொத்தப் பாடத்திலும் மிகப் பிடித்த இடம் இதுதான்.

அனல்மின் நிலைய ஜெனரேட்டரில் சுழலும் மின்காந்தம் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது. 60-ஆல் வகுத்தால் விநாடிக்கு 50, அதுதான் நம் 50 ஹெர்ட்ஸ். இப்படி மாறிக்கொண்டே இருப்பதால்தான் மின்மாற்றியால் அதன் வோல்ட்டை ஏற்றவும் இறக்கவும் முடிகிறது. பத்து லட்சம் வாட்டை 230 வோல்ட்டில் அனுப்பினால் 4300 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். 1,10,000 வோல்ட்டில் 9 ஆம்பியர் போதும். கம்பியில் வெப்பமாகும் இழப்பு ஆம்பியரின் இருமடியைப் பொறுத்தது, ஆக ஒரே கம்பியில் இழப்பு இரண்டு லட்சம் மடங்குக்கு மேல் குறைகிறது.

படி 8: எண்களைக் கையாளும் ஒழுங்கு

மில்லி ஆயிரத்தில் ஒன்று, மைக்ரோ பத்து லட்சத்தில் ஒன்று, நானோ நூறு கோடியில் ஒன்று. மேலே கிலோ ஆயிரம், மெகா பத்து லட்சம், கிகா நூறு கோடி. ஆங்கிலக் குறியீட்டில் சிறிய எம் மில்லி, பெரிய எம் மெகா, இரண்டுக்கும் வித்தியாசம் நூறு கோடி மடங்கு. சதுரம் வரும் இடத்தில் முன்னொட்டையும் சேர்த்தே இருமடியாக்க வேண்டும்: ஒரு சதுர மில்லிமீட்டர், சதுர மீட்டரில் ஆயிரத்தில் ஒன்று இல்லை, பத்து லட்சத்தில் ஒன்று. ஒயர் கணக்கில் பலர் சறுக்குவது இங்கேதான்.

"ஏசி ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை கிலோவாட் எடுக்கும்" என்று பேச்சில் சொல்வார்கள். கிலோவாட்டிலேயே விநாடியால் வகுத்தல் இருக்கிறது. எடுப்பது ஒன்றரை கிலோவாட்-மணி. ஒன்றரை டன் ஏசி என்பதில் வரும் டன் எடையுமல்ல, மின்சாரமுமல்ல. ஒரு நாளில் ஒரு அமெரிக்க டன் (சுமார் 907 கிலோ) பனிக்கட்டியை உருக்கும் வெப்பத்தை அகற்றும் வீதம் அது, 1 டன் என்றால் 3.5 கிலோவாட் வெப்பம். வயல் மோட்டாரின் 1 எச்பி 746 வாட், ஆக 5 எச்பி மோட்டார் தரும் திறன் 3.73 கிலோவாட்.

படி 9: தனியாகச் செய்து பார்க்க ஒன்று

மின்னூட்டத்தைச் சேர்த்து வைப்பது மின்தேக்கி. அதன் அளவுக்கு அலகு ஃபாரட், அது கூலூம் வகுத்தல் வோல்ட். இதை ஓமோடு பெருக்குங்கள்: வோல்ட் வகுத்தல் ஆம்பியர், பெருக்கல், கூலூம் வகுத்தல் வோல்ட். வோல்ட் அடிபடும், கூலூம் வகுத்தல் ஆம்பியர் மிஞ்சும், அது விநாடி. ஒரு மின்தடையும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்தால் நேரம் கிடைக்கிறது என்று அலகு சொல்கிறது. 10,000 ஓம் பெருக்கல் 1000 மைக்ரோஃபாரட், 10 விநாடி. இரண்டு செல்லைச் சேர்த்து 3 வோல்ட் ஆக்கி, இந்த மின்தடை வழியாக அந்த மின்தேக்கியை ஏற்றுங்கள். மின்தேக்கியின் எதிர்முனையைச் செல்லின் எதிர்முனையோடு சரியாக இணைக்க வேண்டும். தொடங்கும் முன் அதன் இரண்டு காலையும் ஒரு கம்பியால் தொட்டுக் காலி செய்துவிட்டு, மின்தேக்கியின் குறுக்கே மீட்டரை வைத்து, இணைத்த கணத்தில் ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள். 3 வோல்ட்டில் 63 சதவீதமான 1.9 வோல்ட்டை மீட்டர் காட்டும்போது நிறுத்துங்கள். இந்த வகை மின்தேக்கிகளின் அளவு 20 சதவீதம் வரை முன்பின் இருக்கலாம், ஆகவே 8 விநாடிக்கும் 12 விநாடிக்கும் இடையே வந்தால் சரி. அதற்கு வெளியே வந்தால் முதலில் செல்லின் வோல்ட்டையும் மின்தடையின் ஓமையும் தனித்தனியே அளந்துவிட்டு, கணக்கைத் திரும்பப் போடுங்கள்.